செம்புச் சுருள்

நசீர் பாய் அந்தப் பெட்டியை ஆட்டோவிலிருந்து இறக்கியபோது நான் கடை வாசலில் வடகறிக்குப் பருப்பு களைந்துகொண்டிருந்தேன். முழங்கால் உயரம்தான் இருக்கும், ஆனால் கனமான கனம். பாயும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூச்சு வாங்கினார்கள். நாலு பக்கத் தகடும் துருவேறி, கை பட்ட இடமெல்லாம் அப்பளமாக உதிர்ந்தது. உள்ளே தேங்கிக் கிடந்த பழைய தண்ணீர் வழியெல்லாம் சொட்டியதில் சீட் நனைந்துவிட்டதென்று ஆட்டோக்காரர் முனகிக்கொண்டே போனார்.

“இன்னா பாய், காயலான் கடையையே தூக்கிகினு வந்துட்டீங்க?” என்றேன்.

“வாய வெச்சிகினு சும்மா இருங்க ஜோதிம்மா. இது சில்லரு. மீன் தொட்டித் தண்ணிய ஜில்லுனு வெக்கிற மெஷினு. செங்கம் ரோட்டுல ஒரு வெள்ளைக்காரரு காபி கடை வெச்சிருந்தாரு இல்ல, கடல் மீனெல்லாம் வளத்துகினு? அவரு கடைய மூடிட்டு ஊருக்கே போய்ட்டாரு. சாமானெல்லாம் நிஜமாவே காயலான் கடைக்குத்தான் வந்துச்சு. உப்புத் தண்ணி வுட்டு நாசம் பண்ணி வெச்சிருக்காரு மனுசன்.”

“இது ஓடுமா?”

“ஓட வெக்கிறதுக்குத்தானே நான் இருக்கேன்.”

யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பாய் மொட்டை மாடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

திருவூடல் தெருவிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் சந்தில் பாய் வீடு என் டிபன் கடைக்கு எதிர். கீழே பட்டறை, அதற்கு மேல் குடித்தனம், மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு ரூம். பிரிட்ஜ், வாட்டர் கூலர், ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் பார்ப்பார். எல்லாவற்றையும்விட ஜாஸ்தியாக வருவது பிணம் வைக்கும் ஐஸ் பெட்டிதான். மலை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகும் அனலாக விடுகிற ஊர் இது. வெயில் காலத்தில் சாவு வீட்டில் அந்தப் பெட்டி இல்லாமல் ஒரு பொழுதுகூடத் தாங்காது. சித்திரை, வைகாசியில் பட்டறை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியாவது நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே என் கடையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்கள். எல்லாருக்கும் பழகிப்போயிற்று.

ரூபீனா பாயின் ஒரே மகள். கலைக் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். படித்து முடித்த கையோடு வாணியம்பாடிப் பக்கம் நிக்காஹ் செய்து கொடுத்தார். தோல் கம்பெனியில் நல்ல வேலை, தொழுகை தவறாத பையன் என்று பாயே நேரில் போய் விசாரித்துவிட்டு வந்து, சந்து முழுக்கச் சொல்லிப் பூரித்துப் போனார். அந்த நல்ல பையனுக்குப் பெங்களூரில் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டியும் குழந்தையும் இருந்தார்கள். பாவி. வருஷம் திரும்புவதற்குள் ரூபீனா ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தாள். ஜமாத்தில் பேசிப் பிரித்துவிட்டார்கள். மாடி ரூமில் போய்ப் படுத்தவள் படுத்தவள்தான். பாயின் பெண்டாட்டி பாயம்மா சோற்றுத் தட்டோடு மாடி ஏறுவதும், அப்படியே எடுத்துக்கொண்டு இறங்குவதுமாக ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. நானும் எத்தனை நாள் தோசை வார்த்துக் கொண்டுபோய் வைத்து, திட்டி, கெஞ்சிப் பார்த்திருப்பேன்!

அப்புறம்தான் இந்த இறால். போனில் எதையோ பார்த்து, சென்னையிலிருந்து பார்சலில் வரவழைத்தாள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, நகத்தளவுதான் ஒவ்வொன்றும். கண்ணாடித் தொட்டியில் பாசி நட்டு விட்டாள். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகுதான்.

“ஏண்டி ரூபீ, இதுல எத்தினி புடிச்சா ஒரு குழம்பு வெக்கலாம்?” என்று கேட்டேன்.

“ஐயோ ஜோதிம்மா, இது ஒண்ணொண்ணும் உங்க ஒரு ஈடு இட்லி விலை!” என்று சொல்லிச் சிரித்தாள். வீடு திரும்பிய பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தை, மாசிக் குளிரில் அதுகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பெருகின. ரூபீனாவும் எழுந்து நடமாடினாள். தலை வாரினாள். கீழே இறங்கி வந்து என் கடையில் வடகறி வாங்கிக்கொண்டு போனாள். பங்குனி பிறந்ததும் பிடித்தது சனி. தண்ணீர் சூடானால் அதுகள் செத்துப்போகுமாம். தண்ணீர் பாட்டிலையெல்லாம் ஐஸாக உறைய வைத்து, மணிக்கொரு தரம் தொட்டியில் மிதக்க விட்டாள். பிரிட்ஜ் முழுக்கப் பாட்டில். கறி வைக்க இடமில்லை என்று பாயம்மா புலம்புவாள். புலம்பிக்கொண்டே அவளும் பாட்டிலை மாற்றி மாற்றி வைப்பாள்.

இதற்கு நடுவில் பாயின் அக்கா அஸ்மத், கீழ்பென்னாத்தூரிலிருந்து வாரம் தவறாமல் போன். அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், பெண்டாட்டி இறந்துபோய் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாராம். நல்ல இடமாம். ரூபீனா பாயின் எதிரில் வந்து நின்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

“சென்னையில ஒரு கடைக்காரர் என் இறால எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார் அத்தா. ஒரே ஒரு தடவை வித்துக் காட்டறேன். என்னால நிக்க முடியுதான்னு பாக்கணும். அதுவரைக்கும் யாரையும் கூட்டினு வர வேணாம்னு சொல்லுங்க.”

“சரிம்மா” என்றார் பாய். மறுவாரம்தான் இந்தத் துருப்பெட்டி வந்து இறங்கியது.

பட்டறையில் வைத்துப் பிரித்தார். துருப்பிடித்த ஸ்குரூ ஒன்றும் கழலவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, கழலாததை வெட்டி எடுத்தார். கம்ப்ரசரைத் தனியாகக் கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்த்து, “நல்லா இருக்குது ஜோதிம்மா, குழந்த மாதிரி மூச்சு வுடுது” என்று குதித்தார். மின்விசிறிக்கு எண்ணெய் போட்டார். தகட்டைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தார். கோளாறு உள்ளே இருந்தது. பெட்டிக்குள் பிளாஸ்டிக்கில் ஒரு உருளை. தொட்டித் தண்ணீர் அதற்குள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வர வேண்டும். உருளைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பைப், சுருள் சுருளாக. அந்தச் சுருளுக்குள் கேஸ் ஓடி, சுற்றியிருக்கும் தண்ணீரைக் குளிர வைக்குமாம். உருளை மூடியின் ரப்பர் வளையம் இற்றுப்போய்த் தண்ணீர் ஒழுகியது. அதை மாற்றிவிட்டார். சுருளில் காற்றை ஏற்றி அண்டாத் தண்ணீரில் முக்கியபோது, மூட்டில் குமிழ் குமிழாக வந்தது.

“இதான் நோவு” என்றார் பாய். “இது ஏதோ டைட்டானியமாம். நம்ம ராடு இதுல ஒட்டாது. பத்த வெக்க இந்த ஊர்ல ஆளும் கெடையாது. மெட்ராஸ்ல கேட்டேன், இந்த மாடலே நின்னு போச்சுன்றான்.”

“அப்போ?”

“அப்போ இன்னா, நம்ம கிட்ட இல்லாததா? செம்பு போட்டுடறேன். கம்பெனிக்காரன் ஏதோ வாயில நொழையாத பேரு வெச்சு ஏமாத்திருக்கான். செம்ப மிஞ்சி எது இருக்குது, சொல்லுங்க? சூடு கடத்துறதுக்கும் செம்புதான். தண்ணிக்கும் செம்புதான். ஜனங்க செம்புக் கொடத்துல தண்ணி ஊத்தி வெச்சு இன்னாத்துக்குக் குடிக்கிறாங்க?”

“உடம்புக்கு நல்லதுன்னுதான்” என்று நானும் தலையாட்டினேன். என் வீட்டிலும் இருக்கிறதே ஒரு செம்புக் குடம், புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வைக்கிறேனே.

வேலைக்கு வாங்கி வைத்த சாதாரணப் பைப்பை அவர் தொடவில்லை. பீரோ மேல் துணி சுற்றி வைத்திருந்த கெட்டியான செம்புப் பைப்பை எடுத்தார். சுருட்டும்போது நசுங்காமலிருக்க உள்ளே மணலை நிரப்பி, ஒரு உருளைக்கட்டை மேல் மெல்ல மெல்ல வளைத்தார். நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. பிறகு மணலைத் தட்டி, காற்றை ஊதிச் சுத்தம் பண்ணி, எமரித்தாள் போட்டுத் தேய்த்தார். வெள்ளி ராடு வைத்து மூட்டைப் பற்ற வைத்தார். அந்தச் சுருள் தகதகவென்று இருந்தது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரூபீனா படியில் பாதி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். “என்ன ஆச்சு அத்தா? உள்ள ஏதாச்சும் ரிப்பேரா?”

“ஒண்ணும் இல்லம்மா. நீ போ, நான் பாத்துக்கறேன்.”

அவர் கேஸ் ஏற்றப்போகும் நேரத்தில் பலராமன் வந்து நின்றார். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர்.

“பாய், போளூர் ரோட்டுல பொட்டி கூலிங் புடிக்கல. உள்ள ஆளு இருக்குது. மகன் துபாய்ல இருந்து வரணும். சீக்கிரம் வா பாய்.”

“நாளைக்கு வரேன்பா.”

“நாளைக்கா! நாறிப் போய்டும் பாய், நீயே சொல்றியா?”

பாய் முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து கை கால் கழுவி, ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் மறுபடி சில்லர் முன்னால் உட்கார்ந்தார்.

பாயம்மா வாசல்படியில் நின்றபடி சொன்னாள்: “இத்தினி வருசமா செத்ததுக்கே குளிர் வெச்சிகினு இருந்தீங்க. இப்பதான் உசுரு இருக்கறதுக்கு வெக்கிறீங்க. அல்லாவே, நல்லபடியா முடியட்டும்.”

மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினார்கள். நானும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஏறினேன். மெஷின் உர்ரென்றது. பைப்பில் தண்ணீர் ஓடியது. முகப்பில் சிவப்பாக எரிந்த எண் ஒவ்வொன்றாக இறங்கி இருபத்துமூன்றில் நின்றது. ரூபீனா தண்ணீருக்குள் விரலை விட்டாள்.

“நெஜமாவே ஜில்லுனு இருக்கு அத்தா!”

“உங்கத்தா கை வெச்சா சும்மாவா?” என்றார் பாய். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. அதை மறைக்க என்னைப் பார்த்து, “இன்னா ஜோதிம்மா, காயலான் கடைன்னீங்களே?” என்றார்.

“தப்புதான் சாமி, வாபஸ் வாங்கிக்கறேன்” என்றேன்.

அன்று சாயங்காலமே பாயம்மா பிரிட்ஜிலிருந்த பாட்டிலையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுக் கறியை உள்ளே வைத்தாள். எனக்கு ஒரு கிண்ணத்தில் கைமா உருண்டை வந்தது.

ஒன்றிரண்டு நாள் ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் ரூபீனா ஒரு காலையில் உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு இறால். சிவப்பு வெளுத்துப் போயிருந்தது.

“கரண்ட் போய்ப் போய் வருது இல்ல, அதான்” என்றார் பாய். “தண்ணி சூடாயிருக்கும். இன்னும் ரெண்டு பாயிண்ட் கம்மி பண்ணு. நிறுத்தவே நிறுத்தாத.”

மறுநாள் ஒரு கை நிறைய. ரூபீனா தண்ணீரைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தாள். உணவை நிறுத்திப் பார்த்தாள். அதுகள் மேயாமல் ஒரு மூலையில் ஒதுங்கி, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து விழுந்தன. பௌர்ணமி வந்து, கிரிவலக் கூட்டத்துக்கு இட்லி அவித்துக்கொட்டி எனக்கு இடுப்பு ஒடிந்தது. அப்படியும் இரண்டு தடவை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பாய் பட்டறையிலிருந்த பேட்டரியை மாடிக்குச் சுமந்துபோய், கரண்ட் போனாலும் மெஷின் நிற்காதபடி ஒயர் இழுத்துக் கொடுத்தார். தண்ணீரைச் சுற்றும் பம்ப்பையும் பெரிதாக மாற்றினார். பாவம், தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார்.

கூட்டம் ஓய்ந்த மறுநாள் காலை. பாய் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரூபீனா போனைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“அத்தா, மெஷினுக்கு உள்ள என்ன போட்டீங்க?”

“ஏன்மா?”

“சென்னைக் கடைக்காரர் கேக்கறார். தண்ணி எது மேல பட்டுப் போகுதுன்னு கேக்கறார். உள்ள என்ன பைப்பு?”

“செம்புதான்” என்றார் பாய். அப்போதும் அவர் குரலில் பெருமைதான் இருந்தது. “அவுங்க போட்டதெல்லாம் ஒடஞ்சு போச்சு. நான் சுத்தமான செம்பு போட்டேன். இருக்கறதுலயே ஒசத்தி...”

“செம்பு அதுங்களுக்கு வெஷம் அத்தா.”

பாய் இட்லியைப் பிட்ட கையோடு அவளையே பார்த்தார்.

“தண்ணியில செம்பு துளி கரைஞ்சாக்கூட இறால் தாங்காது. தொட்டி பக்கத்துல அத கொண்டாரவே மாட்டாங்க. நீங்க ராவும் பகலும் ஓட்டச் சொன்னீங்க. நானும் ஓட்டினேன். கரையக் கரைய அதுங்க மேலயே ஊத்தியிருக்கோம்.”

“எனக்குத் தெரியாதும்மா... நல்லதுன்னுதானே...”

“நல்லதுன்னுதான்!” ரூபீனா கத்தினாள். அந்தப் பெண் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. “எல்லாமே நல்லதுன்னுதான் செய்யறீங்க! அந்த ஆளயும் நல்லவன்னுதான் சொன்னீங்க. விசாரிச்சேன்னீங்க, ஒசத்தின்னீங்க. விசாரிக்கப் போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இதையாவது கேட்டிருக்கக் கூடாதா? மாடிதானே அத்தா, ஒரு கொரல் குடுத்தா நான் வந்திருப்பேனே! ‘ரூபீ, செம்பு போடட்டுமா’ன்னு ஒரு வார்த்தை!”

பாயம்மா ஓடி வந்து, “அத்தாவ அப்பிடிப் பேசாதடி” என்று அவள் தோளைப் பிடித்தாள்.

“பேசட்டும் வுடு” என்றார் பாய்.

நான் சாம்பார் கரண்டியோடு நின்றேன். எனக்கு அழுகையாக வந்தது. ஆமாம் போட்டவள்தானே நானும்.

மாடிக்கு ஓடினோம். பாய் பிளக்கைப் பிடுங்கினார். உயிரோடிருந்ததை ரூபீனா சின்ன வலையால் அள்ளி வாளியில் விட்டாள். என் கடைக் கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனேன். குளிர வைக்கப் பாட்டிலைத் தேடினால் பிரிட்ஜில் ஒன்றுகூட இல்லை. பாயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் தேரடி வீதி ஜூஸ் கடைக்கு ஓடி, ஐஸ் கட்டி வாங்கி வந்து பிளாஸ்டிக் பையில் கட்டி மிதக்க விட்டேன். பாய் ஒரு ஓரமாக உட்கார்ந்து உருளையைத் திறந்தார். தகதகவென்றிருந்த சுருள் கறுத்து, மூட்டோரம் பச்சை பூத்திருந்தது. மடியில் அதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். மத்தியானம் தொழக்கூடப் போகவில்லை.

பொழுது சாய்வதற்குள் வாளியிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஷீட் கூரை அப்போதும் தகித்தது. ரூபீனா அழவில்லை. தொட்டித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு தோசையை வார்த்து எடுத்துக்கொண்டு ஏறினேன். அவள் பக்கத்தில் வைத்தேன், அவள் பார்க்கவில்லை.

கீழே பாயின் போன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் போனைக் கையில் பிடித்தபடி மெல்ல ஏறி வந்தார். அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

“அஸ்மத்தக்கா பேசறா. இறாலெல்லாம் போச்சுன்னு உங்கம்மா சொல்லிட்டா போல. வெள்ளிக்கெழம அந்த மளிகைக் கடைக்காரர கூட்டிகினு வரட்டுமான்னு கேக்கறா” என்றார். “நான் ஒண்ணும் சொல்லலம்மா. உன்னக் கேட்டுச் சொல்றேன்னேன்.”

ரூபீனா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நீ வேணாம்னா வேணாம்தான். மறுபடி இறாலு வாங்கணும்னா வாங்கலாம். புது மெஷினே வாங்கலாம், எப்பிடியாச்சும் வாங்கித் தரேன். மேல படிக்கணும்னாலும் சரி. எங்கயாச்சும் வேலைக்குப் போறேன்னாலும் சரி. யாரு இன்னா சொன்னாலும் நான் பாத்து...” பாய் பாதியில் நிறுத்திக்கொண்டார். “இல்ல, நான் ஒண்ணும் பாத்துக்கல. நீயே சொல்லு. உனக்கு இன்னா வேணும்?”

ரூபீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்த கோபம் முகத்தில் இல்லை. ரொம்ப நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்லுடி, எதையாவது கேளுடி என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

“நீங்க கேக்கறீங்க அத்தா” என்றாள். “நானும் யோசிச்சுப் பாக்கறேன். எனக்கு ஒண்ணுமே வேணும்னு தோணல.”

பாயின் கையிலிருந்த போனில் அஸ்மத் அலோ, அலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.